பச்சை ஜோடிக்கு நீலக் குஞ்சா?

கேள்வி: எங்கள் லவ் பேர்ட்ஸ் இரண்டும் பச்சை. கூண்டில் வேறு ஜோடி இல்லை. ஆனால் நான்கு குஞ்சுகளில் ஒன்று நீலமாகவும், ஒன்று சிவந்த கண்ணுடன் முழு மஞ்சளாகவும் இருக்கின்றன. எப்படி?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: நாம் லவ் பேர்ட்ஸ் என்று அழைத்துப் பழகிய இப்பறவையின் சரியான பெயர் பட்ஜி; தாயகமான ஆஸ்திரேலியாவின் வறண்ட வெளிகளில் அது பச்சையாகவே வாழ்கிறது. இறகிலுள்ள மஞ்சள் நிறமியும், இறகின் நுண்ணமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால் தோன்றும் நீலமும் சேர்ந்தே அந்தப் பச்சை உண்டாகிறது. மஞ்சளை நீக்கும் மரபணு ஒடுங்கு தன்மையுடையது, அதாவது இரண்டு பிரதிகள் சேர்ந்தால்தான் வெளிப்படும் என்பதால், தாயும் தந்தையும் அதை மறைவாகச் சுமந்திருந்தால் மட்டுமே நீலக் குஞ்சு பிறக்கும்.

மஞ்சள் குஞ்சு லூட்டினோ வகை. எனக்கு இதுவே அதிக வியப்பளிக்கிறது. கருநிறமியைத் தடுக்கும் அந்த மரபணுவும் ஒடுங்கு தன்மையுடையதே, ஆனால் பால்சார்ந்தது: அது அமைந்துள்ள குரோமோசோம் ஆண் பறவைக்கு இரண்டு, பெட்டைக்கு ஒன்றே என்பதால், பெட்டையிடம் ஒரு பிரதி இருந்தாலே வெளிப்பட்டுவிடும். பச்சைத் தாயிடம் அது மறைந்திருக்க இயலாது, தந்தையிடமிருந்தே வந்திருக்கிறது. ஆகவே அக்குஞ்சு பெட்டை என்று இப்போதே உறுதியாகக் கூறலாம். வளர்ந்தபின் அலகுக்கு மேலுள்ள மூக்குத்தோல் பழுப்பாக மாறுவதை நீங்களே காண்பீர்கள். உடன்பிறந்தவற்றை மட்டும் ஜோடி சேர்க்காதீர்கள். ஓராண்டு நிறையும்வரை முட்டையிடும் பானையும் வைக்க வேண்டாம்.