மறதிநோய்க்கு நன்கொடை: ஆய்வுக்கா, பராமரிப்புக்கா?

கேள்வி: அப்பாவின் நினைவாக, டிமென்ஷியா (மறதிநோய்) நோயாளிகளுக்காக இயங்கும் அமைப்பு ஒன்றுக்குச் சிறு தொகை தர நினைக்கிறோம். ஆய்வுக்குக் கொடுப்பதா, பராமரிப்புக்கா?

பதில்: சிறு தொகை என்றால் பராமரிப்புக்கே கொடுங்கள். மருந்துச் சோதனை பெரும் பணத்தை விழுங்கும் வேலை. 2023இல் அமெரிக்காவில் முழு ஒப்புதல் பெற்ற லெக்கனமாப் என்ற மருந்தையே உதாரணமாகப் பாருங்கள். டிமென்ஷியாவுக்கு முக்கியக் காரணமான அல்சைமர் நோயின் தொடக்க நிலையில் இருந்த 1,795 பேரிடம் 18 மாதம் சோதித்தார்கள். மூளையில் படியும் அமிலாய்டு புரதத்தை அது அகற்றியது. ஆனாலும் நோய் நிற்கவில்லை. சரிவின் வேகம் 27 சதவீதம் குறைந்தது, அவ்வளவுதான். சிலருக்கு மூளையில் வீக்கமும் ரத்தக்கசிவும் ஏற்பட்டதால், எம்.ஆர்.ஐ. எடுத்துக் கண்காணித்துக்கொண்டே மருந்து தர வேண்டியிருக்கிறது.

இந்த அளவுச் செலவை மருந்து நிறுவனங்கள் பார்த்துக்கொள்ளும். நன்கொடைப் பணத்துக்கு ஆய்வில் வேறு இடம் உண்டு: இளம் ஆய்வாளரின் முதல் சோதனை, லாபம் இல்லாததால் நிறுவனங்கள் தொடாத கேள்விகள். அதற்குத் தருவதானால், திட்டங்களை வெளி நிபுணர்கள் பரிசீலிக்கிறார்களா, பலிக்காத ஆய்வின் முடிவையும் வெளியிடுகிறார்களா என்று விசாரியுங்கள்.

பராமரிப்புக்குத் தரும்போது, ‘வீட்டில் பார்த்துக்கொள்பவருக்கு ஓய்வு கொடுக்க மாற்று ஆள் அனுப்பும் செலவுக்கு’ என்று கடிதத்தில் எழுதிக் கொடுங்கள். எழுதாவிட்டால் பொது நிதியில் சேர்ந்துவிடும். இன்னொன்று: ‘பாதிப் பணம் சம்பளத்துக்கே போகிறது’ என்று ஓர் அமைப்பை ஒதுக்காதீர்கள். இந்த வேலையில் சேவை என்பதே ஆள்தான். சம்பளம் போதாமல் பழகியவர் விலகினால், புது முகத்தைக் கண்டு நோயாளி குளிக்க மறுப்பார், சாப்பிட மறுப்பார். வீட்டாரும் சலித்துப்போய் ஆளே வேண்டாம் என்பார்கள். ஆண்டறிக்கையைப் புரட்டுவதைவிட, பணியாளர்கள் எத்தனை காலம் நிலைக்கிறார்கள் என்று கேட்பது மேல்.

கேள்வி: பகல்நேரப் பராமரிப்பு மையம் நல்லதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: காலையில் போகாதீர்கள், மாலை 4 மணிக்குப் போங்கள். பொழுது சாயும் நேரத்தில்தான் பலருக்குப் பதற்றம் கூடும். அப்போது எத்தனை பணியாளர் இருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். ‘வீட்டுக்குப் போகணும்’ என்று எழுந்தவரிடம் வாதாடுகிறார்களா, கூடவே நடந்து பேச்சை மாற்றுகிறார்களா என்று கவனியுங்கள். கழிவறைக் கதவு உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரிய வேண்டும். சேர்க்கைப் படிவத்தில் பழைய தொழில், செல்லப்பெயர், பிடிக்காதவை பற்றிய கேள்விகள் இல்லாமல் மாத்திரைப் பட்டியல் மட்டும் இருந்தால் யோசியுங்கள். முதல் வாரம் 2 மணி நேரம் போதும். முழு நாளும் விட்டுவிட்டு வந்தால், மறுநாள் வண்டியில் ஏறவே மாட்டார்.

கேள்வி: ஆய்வுக்காக மூளையைத் தானம் செய்ய முடியுமா?

பதில்: ஆய்வுக்காக மூளைகளைப் பெற்றுப் பாதுகாக்கும் மூளை வங்கி உள்ள இடங்களில் முடியும். உறுப்பு தானத்துக்குப் பதிவு செய்திருந்தால் போதாது. இதற்குத் தனிப் பதிவு. நோயாளி புரிந்து கையெழுத்திடும் நிலையில் இருக்கும்போதே செய்துவிடுவது நல்லது. பொதுவாக இறந்த 24 மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். தாமதமானால் திசு சிதையும். ஆகவே வங்கியின் எண் வீட்டில் எல்லோரிடமும் இருக்கட்டும். ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர்களின் மூளையும் தேவை. பிள்ளைகளும் பதிவு செய்யலாம்.