நனோத்தூளைக் கையாளுதல்: கேள்வி பதில்

திருகோணமலைப் பகுதி ஆய்வுகூடங்களில் பணியாற்றுவோர் கேட்ட கேள்விகளுக்கு, பல ஆண்டுகள் தூள்களோடு பழகியவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி (மாணவி, நிலாவெளி): சேர், புல்மோட்டை மணலிலுள்ள இல்மனைற்று என்னும் தாதுவிலிருந்து தைத்தானியம் ஈரொட்சைட்டு நனோத்தூள் தயாரிக்கிறேன். பற்பசையிலும் வர்ணப்பூச்சிலும் சேரும் பொருள்தானே, இதற்கு ஏன் இத்தனை கட்டுப்பாடு?

பதில்: பற்பசையில் அது பசையோடு பிணைந்திருக்கிறது, உங்கள் புடக்குகையிலிருந்து வெளிவருவதோ மூச்சோடு உள்ளே போகக்கூடிய உலர்தூள். புல்மோட்டையின் மணல்மணி மூக்கைத் தாண்டாது. 100 நனோமீற்றருக்கும் சிறிய துகள் நுரையீரலின் சிற்றறைகள் வரை இறங்கும். அதே நிறையில் அதன் மேற்பரப்பும் பன்மடங்கு பெரிது. ஆகவேதான் அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரத்துக்கான தேசிய நிறுவனம் 2011இல் இந்த ஒரே சேர்வைக்கு இரண்டு வரம்புகளைப் பரிந்துரைத்தது: சாதாரண நுண்தூளுக்குக் கன மீற்றர் காற்றில் 2.4 மில்லிகிராம், நனோ அளவினதற்கு 0.3 மில்லிகிராம்.

கேள்வி (ஆய்வுகூட உதவியாளர், உப்புவெளி): சத்திரசிகிச்சை முகக்கவசம் போதுமா?

பதில்: போதாது, அதன் ஓரங்கள் வழியே காற்று நுழையும். முகத்தோடு இறுகப் பொருந்தும் என்95 வகை வடிகட்டும் முகக்கவசத்தை அணியுங்கள்; தாடி இருந்தால் அது பொருந்தாது. நனோத்துகள் வடியின் துளைகளால் நழுவிவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். உண்மையில் என்95 வடிக்கு மிகக் கடினமானவை 0.05 மைக்ரோமீற்றரை அண்டிய துகள்களே, அவற்றிலும் பெரும்பாலானவற்றை அது பிடித்துவிடும். அவற்றைவிட மிகச் சிறியவை தாறுமாறாக அலைந்து இழைகளில் மோதி ஒட்டிக்கொள்கின்றன.

கேள்வி (ஆசிரியர், தம்பலகாமம்): கச்சான் காற்றுக் காலத்தில் வெக்கை தாங்காமல் மின்விசிறியைப் போட்டு, யன்னல்களையும் திறந்துவைக்கிறோம். தூள் சிந்தினால் எப்படித் துடைப்பது?

பதில்: தூளைத் திறக்கும் வேளையில் மின்விசிறியை நிறுத்தி, யன்னல்களை மூடுங்கள். இளமையில் நான் சுழலும் விசிறிக்குக் கீழே ஒரு போத்தலைத் திறந்து, மேசையில் படிந்த வெள்ளைப் படலத்தை உலர்ந்த புருசால் தட்டினேன். அறை முழுவதும் பரவியது அதற்குப் பிறகுதான். அந்தத் தவறை எந்த மாணவரும் செய்யக்கூடாது என்பதால் இதை விரிவாகச் சொல்கிறேன். தும்புத்தடி, அழுத்தக் காற்று, வீட்டு வெற்றிடத் துப்புரவாக்கி மூன்றும் வேண்டாம். ஈரத்துணியை மேலே மெல்லப் போர்த்தி, உள்நோக்கி மடித்து எடுத்து, பொலித்தீன் பையில் இட்டு முடிச்சிட்டு, அதை இன்னொரு பையில் வைத்துப் பெயர் எழுதுங்கள். நிறுக்கும்போது, வெறும் போத்தலை மூடியோடு முதலில் நிறை பார்த்து, பியூம் கபேட்டுக்குள் (காற்றை உறிஞ்சி வெளியேற்றும் அலுமாரிக்குள்) தூளை இட்டு மூடிய பின் மீண்டும் நிறுங்கள். முடிந்தவரை தூளை நீரில் கலந்த நிலையிலேயே வைத்திருங்கள். ஆனால் நீரில் கலந்ததை அதிர்வுக் கருவியில் இட்டால் நுண்துளிகள் எழும், ஆகவே அதையும் மூடியே செய்யவேண்டும்.

கேள்வி (மாணவர், மூதூர்): வெள்ளி நனோத்துகள் கரைசலைக் கழுவுதொட்டியில் ஊற்றலாமா?

பதில்: கூடாது. அதிலிருந்து பிரியும் வெள்ளி அயன்கள் பாசிகளுக்கும் மீன்குஞ்சுகளுக்கும் நஞ்சு, நம் கழிவுநீரோ கொட்டியாரக் குடாவை நோக்கித்தான் போகிறது. பாத்திரத்தின் முதல் கழுவுநீரையும் சேர்த்து மூடிய கொள்கலனில் சேகரித்து, இரசாயனக் கழிவாக ஒப்படையுங்கள்.