விடைத்தாளைக் கேட்டு வாங்கு

அன்புள்ள அம்மா,

நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் படித்து, பிளஸ் 2வில் 600க்கு 573 எடுத்தேன். கணிதத்தில் 98. ஊரில் பிளெக்ஸ் வைத்தார்கள். இப்போது பொறியியல் முதலாண்டு. போன வாரம் முதல் செமஸ்டர் முடிவு வந்தது. கணிதம், இயற்பியல் இரண்டிலும் அரியர். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. பள்ளியில் பிளஸ் 1 பாடத்தைப் பெயருக்கு முடித்துவிட்டு, பிளஸ் 2 பாடத்தையே திரும்பத் திரும்ப எழுதவைத்தார்கள். ராமானுஜனே ஃபெயிலானவர்தான் என்று தோழி தேற்றுகிறாள். எனக்கு உண்மையில் அறிவு இல்லையோ என்று பயமாக இருக்கிறது. பொறியியலை விட்டுவிட்டு பி.ஏ. தமிழ் சேரட்டுமா?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்பு மகளுக்கு,

தமிழ் இலக்கியம் ஒளிந்துகொள்ளும் இடமல்ல. அதில் உனக்கு ஆசை இருந்திருந்தால், படித்த ஒரு கதையைப் பற்றியாவது இரண்டு வரி எழுதியிருப்பாய். அந்தப் பேச்சை இப்போதைக்கு விடு.

ராமானுஜன் கதையையும் விடு. கும்பகோணம் கல்லூரியில் அவர் உதவித்தொகையை இழந்தார், பிறகு பட்டப்படிப்புக்கு முந்தைய எஃப்.ஏ. தேர்விலும் தேறவில்லை. எல்லாம் உண்மைதான். ஆனால் அவரைக் கவிழ்த்தவை மற்ற பாடங்கள். கணிதத்தில் தவறிய பெண்ணிடம் அவரைக் காட்டினால், மேதையாக இருந்தால்தான் உன் தோல்வியை மன்னிப்போம் என்று சொல்வதாக ஆகிறது. சாதாரணப் பிள்ளைகளுக்கும் தோற்றுவிட்டு நிம்மதியாகச் சாப்பிட உரிமை உண்டு.

என்னை உறுத்தியது வேறு. இரண்டு அரியர் என்கிறாய். எந்தக் கேள்வியில், எந்த வரியில் தவறினாய் என்று ஒரு சொல்கூட இல்லை. 573 பற்றியும் அப்படியே. கடிதம் முழுக்க எண்கள்தான். நீ எழுதிய தாள் எங்கே?

1987இல் என் அக்காவின் பிளஸ் 2 பதிவெண் மாலைப் பத்திரிகையில் வரவில்லை. அந்தக் காலத்தில் தேறியவர்களின் எண்கள் மட்டும்தான் அச்சாகும். அக்காவின் எண்ணுக்கு முந்தியதும் பிந்தியதும் அடுத்தடுத்து இருந்தன. நடுவில் இருந்தவள் என்ன எழுதினாள், எங்கே தவறினாள் என்று அந்தத் தாளில் எப்படித் தெரியும்? மதிப்பெண் பட்டியல் கைக்கு வரும்வரை எந்தப் பாடம் போயிற்று என்றே எங்களுக்குத் தெரியாது. அதற்குள் அப்பா அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார், அத்தை மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிட்டார். கடைசியில் பார்த்தால் கணிதம். 200க்கு 61. தேற 70 வேண்டும்.

எங்கள் அம்மாதான் பிடிவாதமாக டுட்டோரியலில் சேர்த்தார். அங்கே ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருந்தார். பாடமே நடத்தவில்லை. பொதுத்தேர்வு வினாத்தாளைக் கையில் கொடுத்து, ‘அன்றைக்கு என்ன எழுதினாயோ அதையே எழுது, சரியாக எழுத முயலாதே’ என்றார். அக்கா அழுதுகொண்டே எழுதினாள். அவர் சிவப்பு மையால் பெருக்கல் குறி போடவில்லை. அணிக்கோவையை (டிட்டர்மினன்ட்) விரித்த இடத்தில் நடு உறுப்புக்கு முன்னால் மைனஸ் வர வேண்டும், அக்கா பிளஸ் போட்டிருந்தாள். அதைப் பென்சிலால் சுழித்தார். அடுத்த கணக்கிலும் அதே பிளஸ், மறுபடியும் சுழித்தார். பிறகு இரண்டு பக்கம் நீண்டு பாதியில் நின்ற ஒரு கணக்கின் ஓரத்தில், ‘இதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போயிருக்கலாம்’ என்று எழுதினார். ‘எனக்குக் கணக்கே வராது’ என்று சொல்லிக்கொண்டிருந்தவள் அன்று வீட்டுக்கு வந்து, ‘அணிக்கோவையில் குறி தப்புகிறது’ என்றாள். அக்டோபரில் 84 வாங்கித் தேறினாள். ஊர் அதைக் கவனிக்கவில்லை.

நீ எழுதியதைப் படிக்க உனக்கு உரிமை இருக்கிறது. திருத்திய விடைத்தாளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மாணவர் பார்க்கலாம் என்று 2011 ஆகஸ்டில், சி.பி.எஸ்.இ. தொடர்பான வழக்கில், உச்சநீதிமன்றமே தீர்ப்பளித்திருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத் தேர்வுகளுக்கும் நகல் கேட்டு விண்ணப்பிக்கலாம். எல்லாரும் நகல் வாங்குவது மறுமதிப்பீட்டில் நாலு மதிப்பெண் கூடுமா என்று பார்க்கத்தான். நீ படிப்பதற்காக வாங்கு. கோபம் வரும், வெட்கம் வரும். வரட்டும், அப்படியே படி.

உன் பள்ளியின் மீது எனக்கு ஆத்திரம் வருகிறது. பிளஸ் 1 பாடத்தை இப்படித் தாண்டிப் போகக் கூடாது என்றுதான் 2017-18இல் பிளஸ் 1க்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். அந்த மதிப்பெண் கல்லூரிச் சேர்க்கைக்குக் கணக்கில் வராது என்று மறு ஆண்டே அறிவித்ததும் பழைய வழக்கம் திரும்பிவிட்டது. எல்லை, வகையிடல், தொகையிடல் எல்லாம் தொடங்குவது பிளஸ் 1 புத்தகத்தில். முதல் செமஸ்டர் கணிதமோ பெரும்பாலும் இவற்றின் மேல் கட்டிய நுண்கணிதம். கீழ்ப்படி இல்லாத மாடியில் உன்னை ஏற்றிவிட்டுப் பிளெக்ஸ் வைத்தவர்கள் யாரும் இன்று உன் அரியருக்குப் பொறுப்பேற்க வரமாட்டார்கள். இதை அறிவுக் குறை என்று நீயே எழுதிக்கொடுக்காதே!

நகலுக்கு விண்ணப்பிக்கக் கெடு சில நாட்கள்தான் இருக்கும். இன்றே கல்லூரித் தேர்வுப் பிரிவில் கேள். கட்டணத்துக்கு அப்பாவிடம்தான் கேட்க வேண்டியிருக்கும், அப்போதே அரியரையும் சொல்லிவிடு. பிளஸ் 1 கணிதப் புத்தகத்தின் இரண்டாம் தொகுதியை ஊரிலிருந்து எடுத்து வா. விடைத்தாள் நகல் வந்ததும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, எந்த வரியில் தவறினாய் என்று எனக்கு எழுது. பி.ஏ. பற்றி அதற்கு அடுத்த கடிதத்தில் பேசலாம்.

அன்புடன்.