ராடு வைத்த முதுகும் மலைப்பாதையும்: நீலகிரிப் பெற்றோர் கேட்டவை

முதுகெலும்பு பக்கவாட்டில் வளைவதுதான் ஸ்கோலியோசிஸ். வளைவு 45, 50 டிகிரியைத் தாண்டி இன்னும் கூடிக்கொண்டே போனால் ஸ்க்ரூவும் ராடும் வைத்து நிமிர்த்துகிறார்கள். கூடவே எலும்புத் துணுக்குகளைப் பரப்பி, அந்தப் பகுதி ஒரே எலும்பாகக் கூடிக்கொள்ள விடுகிறார்கள். ஆபரேஷன் கோவையில் முடிந்துவிடும். ஒரு வாரத்தில் பிள்ளை மலையேறி வீட்டுக்கு வந்துவிடும். அப்புறம்தான் எனக்குக் கேள்விகள் வர ஆரம்பிக்கும். நான் பிசியோதெரபிஸ்ட். கீழே இருப்பவை பொதுவான பதில்கள். உங்கள் சர்ஜன் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அவர் பேச்சைக் கேளுங்கள்.

மகளுக்கு 13 வயது. அடுத்த வாரம் டிஸ்சார்ஜ். மேட்டுப்பாளையத்திலிருந்து வளைந்து வளைந்து ஏறும்போது ராடு நகர்ந்துவிடுமா? மலை ரயிலில் கூட்டி வரலாமா? (ஒரு அம்மா, கோத்தகிரி பக்கம்)

நகராது. ஸ்க்ரூக்கள் எலும்புக்குள் ஆழமாக இறங்கியிருக்கின்றன, கொண்டை ஊசி வளைவு அவற்றை ஒன்றும் செய்யாது. கஷ்டப்படப்போவது தசைகள். ஆபரேஷனில் அவற்றை விலக்கித்தான் உள்ளே போயிருப்பார்கள். வண்டி திரும்பும்போது உடம்பு சாயும், தசை இறுகும், வலிக்கும். அதோடு மலைப்பாதை வாந்தியும் சேர்ந்தால் குழந்தை துடித்துப்போகும். அதனால் டிஸ்சார்ஜ் ஆகும்போதே வாந்திக்கு மாத்திரை கேட்டு வாங்குங்கள். வலி மாத்திரையின் வேளையைக் கிளம்புவதற்கு அரை மணி, முக்கால் மணி முன்னால் வருமாறு அமைத்துக்கொள்ளுங்கள். வயிற்றுக்கு இரண்டு இட்லி போதும்.

முன் சீட்டைக் கொஞ்சம் சாய்த்து, இடுப்புக்குப் பின்னால் சிறு தலையணை வைத்து, சீட் பெல்ட் போட்டு உட்கார வையுங்கள். பின் சீட்டில் படுக்க வைத்துக் கூட்டி வருவதுதான் பாசம் என்று பலர் நினைக்கிறார்கள். பெல்ட் இல்லாமல் படுத்திருக்கும் பிள்ளை ஒரே ஒரு பிரேக்கில் உருண்டு விழும். அரை மணிக்கு ஒருமுறை நிறுத்தி, இறங்கி ஐந்து நிமிடம் நடக்கட்டும். உங்கள் பாதையில் குஞ்சப்பனையில் நிறுத்தலாம். குன்னூர் வழியாக வருகிறவர்களுக்குப் பர்லியாறு. பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டாம், குரங்கு பாயும்.

மலை ரயில் இப்போது வேண்டாம். ஊட்டி வரை 46 கிலோமீட்டர் ஏற ஐந்து மணி நேரம் பிடிக்கும், நினைத்த இடத்தில் இறங்கி நடக்கவும் முடியாது.

ஆபரேஷன் ஆகி ஒன்பது நாள். முன்பே ஒல்லியான பெண். இரண்டு வாய் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிட்டது என்கிறாள், நேற்றிலிருந்து வாந்தி. மருந்துச் சூடு என்கிறார்கள் ஊரில். (ஒரு அப்பா, கூடலூர்)

உங்களுக்கு உடனே போன் செய்து பேசிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். சூடு என்று மோர் கொடுத்துக் காத்திருக்கிற விஷயம் இல்லை இது. ஒல்லியான பிள்ளைக்கு முதுகு திடீரென்று நிமிரும்போது, வயிற்றுக்குள் ஒரு ரத்தக்குழாய்க்கும் முதுகெலும்புக்கும் நடுவில் சிறுகுடலின் தொடக்கப் பகுதி நெருக்குப்படலாம். அபூர்வம்தான். ஆனால் பச்சையாக வாந்தி, வயிற்று உப்பல், எதையும் உள்ளே வைத்திருக்க முடியாத நிலை என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கூடலூரிலிருந்து கோவை தூரம். முதலில் பக்கத்து அரசு மருத்துவமனைக்குப் போய் டிரிப் ஏற்றச் சொல்லுங்கள், அங்கிருந்தே சர்ஜனைக் கூப்பிடுங்கள்.

101 டிகிரிக்கு மேல் காய்ச்சல், தையலிலிருந்து நீர் அல்லது சீழ், காலில் புதிதாகப் பலக்குறைவு அல்லது மரத்துப்போதல், சிறுநீர் போக முடியாமை, மூச்சுத் திணறல்: இவற்றுக்கும் காத்திருக்கக் கூடாது. 108 இருக்கிறது.

வெறும் மலச்சிக்கல் இதைவிட அதிகம் பார்ப்பது. வலி மாத்திரையாலும் வரும், குளிரில் பிள்ளைகள் தண்ணீரே குடிப்பதில்லை என்பதாலும் வரும். வெதுவெதுப்பாகத் தண்ணீர், பழம், டாக்டர் எழுதிய மலமிளக்கி, தினமும் நடை. குத்துக்கால் கக்கூஸ் உள்ள வீடுகளில் மேலே போடும் கமோடு நாற்காலி ஒன்றரை மாதத்துக்காவது வாங்கிப் போடுங்கள்.

பனிக்காலத்தில் உள்ளே இருக்கும் கம்பி ஜில்லென்று ஆகிவிடாதா? யூகலிப்டஸ் தைலம் தேய்த்து சுடுதண்ணிப் பை வைக்கலாமா? (ஒரு பாட்டி, ஊட்டி)

கம்பி உடம்புக்குள் இருக்கிறது பாட்டி, உடம்பின் சூடுதான் அதற்கும். குளிரில் இறுகுவது தசை. ஸ்வெட்டர் போடுங்கள், வீட்டுக்குள்ளேயே கொஞ்சம் நடக்க விடுங்கள், தளர்ந்துவிடும்.

தைலம் காயத்தின் பக்கமே போகக் கூடாது. சுடுதண்ணிப் பையும் வேண்டாம். தழும்பைச் சுற்றித் தோல் பல மாதம் மரத்துக் கிடக்கும், சுடுவது பிள்ளைக்கே தெரியாது. கொப்புளம் வந்தபிறகு தெரிந்து என்ன பயன்? கணப்பு மூட்டினாலும் முதுகைக் காட்டி உட்கார வைக்காதீர்கள்.

லைன் வீட்டிலிருந்து ஸ்கூலுக்குத் தேயிலைத் தோட்டம் வழியாக அரை மணி நேரம் ஏற்ற இறக்கம். எப்போது அனுப்பலாம்? (ஒரு அம்மா, மஞ்சூர்)

பெரும்பாலான பிள்ளைகள் நான்கிலிருந்து ஆறு வாரத்தில் போய்விடுகிறார்கள். முதலில் அரை நாள். ஏற்றம் நல்லது, மூச்சுக்கும் பயிற்சி. இறக்கத்தில்தான் கவனம் வேண்டும், மழை பெய்த மண்பாதையில் வழுக்கும். முதல் மூன்று மாதம் தார் ரோடு வழியாகச் சுற்றிப் போகட்டும், கூட ஆள் போகட்டும். பை தோளில் வேண்டாம். ஒரு செட் புத்தகம் வகுப்பிலேயே இருக்கட்டும் என்று டீச்சரிடம் கேளுங்கள், யாரும் மறுக்க மாட்டார்கள். பஸ் என்றால் கடைசி சீட்டில் உட்கார வேண்டாம்.

நிமிர்த்தியபிறகும் ஒரு தோள் ஏறித்தான் தெரிகிறது. ஆபரேஷன் சரியில்லையா? (குன்னூர்)

வளைவு முழுக்க மறைவது எப்போதும் நடப்பதில்லை. இத்தனை வருஷம் கோணலைத்தான் நேர் என்று மூளை பழகியிருக்கிறது. இப்போது நேராக நின்றால் சாய்ந்து நிற்பதாகப் பிள்ளைக்குத் தோன்றும். கண்ணாடி முன்னால் தினமும் பத்து நிமிடம் நிற்கட்டும். தோள் சமமாகப் பல மாதம் ஆகலாம். நாளுக்கு நாள் கூடினால் மட்டும் எக்ஸ்ரே எடுங்கள்.

நாளைக்குக் கல்யாணம், குழந்தை எல்லாம் ஆகுமா?

ஆகும். பிரசவத்தின்போது முதுகில் ராடு இருப்பதை மயக்க மருந்து டாக்டரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

நான் எப்போது ஃபுட்பால் ஆடலாம்? (15 வயது, கோத்தகிரி)

அம்மா அப்பாவை விட்டு நீயே கேட்டது பிடித்திருக்கிறது. நடை இன்றைக்கே. ஓட்டம் மூன்று மாதத்துக்கு மேல், சர்ஜன் பார்த்துச் சொன்னபிறகு. ஆளோடு ஆள் மோதும் ஃபுட்பாலுக்கு ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம், எலும்பு கூடியதைப் பொறுத்து.

முன்பெல்லாம் ‘குனியாதே, தூக்காதே, முறுக்காதே’ என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடுவேன். ஒரு பையன் ஒன்றரை வருடம் கழித்து வந்தான், அம்மாதான் ஷூ லேஸ் கட்டிவிடுகிறார். எலும்பு எப்போதோ கூடிவிட்டது. எதுவரைக்கும் என்று நான் சொல்லவில்லை, தப்பு என்னுடையது. உனக்கு யார் எதைச் செய்யாதே என்றாலும் ‘எந்தத் தேதி வரைக்கும்?’ என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொள். அடுத்த செக்கப்புக்கு அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு போ.