காபியை நிறுத்தவா, காரை நிறுத்தவா?

கேள்வி: ஐயா, வணக்கம். நீடாமங்கலம் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. நான் மன்னார்குடியில் தனியார் பள்ளி ஒன்றில் ஆசிரியை. கைக்கு 18,000 ரூபாய் வருகிறது. கணவர் பன்னிரண்டு மா, அதாவது நாலு ஏக்கர், சொந்தச் சாகுபடி. செலவு போக சம்பா நெல்லில் ஒரு லட்சம் சொச்சம் நிற்கும்; அதற்கு முந்தைய பட்டமான குறுவை நன்றாக வந்தால் இன்னும் அறுபதாயிரம். மாமியாரும் எட்டாம் வகுப்பு படிக்கும் மகளும் எங்களோடு இருக்கிறார்கள்.

போன மாதம் உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். வீட்டுக் காபிக்குப் பொடி, பால், சர்க்கரை எல்லாம் சேர்த்து 1,600. எனக்கும் மகளுக்கும் தினம் 20 ரூபாய்க்குப் பூ, ஆக 600. கணவருக்கு டீக்கடையில் நாளுக்கு 60, மாதம் 1,800. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நாலு பேரும் ஹோட்டலுக்குப் போவது வாரம் 700, மாதம் 2,800. கேபிள், ஓடிடி 500. மகளின் வயலின் வகுப்பு 800. தீபாவளிக்குக் கணவர் வாங்கிய போனுக்குத் தவணை 2,400. கூட்டினால் 10,500! காபியும் பூவும்தான் வீண், முதலில் அதை நிறுத்து என்கிறார் அவர். ஆனால் சம்பா அறுவடை முடிந்ததும் மூன்றரை லட்சத்துக்குப் பழைய கார் ஒன்று வாங்கப் பார்த்து வைத்திருக்கிறார். ஒரு லட்சம் கையிலிருந்து, மீதி கடன். எனக்கோ மாமியார் அறைக்கு ஒரு ஏசி போட ஆசை. அதுவும் ஆடம்பரம்தானே என்று தயக்கமாக இருக்கிறது. இதில் எது இருக்கலாம், எது கூடாது?

பதில்: அம்மா, முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காபியும் பூவும் இருக்கட்டும். ஏசி வாங்கலாம், ஆனால் ரொக்கத்துக்கு. கார் இப்போது வேண்டாம். ஹோட்டலைக் குறைக்க வேண்டும். ஏன் என்பதற்கு உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன்.

காபி. பெரியவர்கள் மூன்று பேர், காலையும் மாலையும் ஆளுக்கு ஒரு டம்ளர் என்றால் மாதம் 180 டம்ளர். 1,600 ரூபாயை அதற்குப் பங்கிட்டால் டம்ளர் ஒன்பது ரூபாய்க்குள் அடங்குகிறது. டவராவில் ஆற்றி, நுரையோடு, மூன்று பேர் சேர்ந்து உட்கார்ந்து குடிக்கிற காபி. ஒரு நாள் கூடத் தவறாமல் ருசிக்கிற ஒரு சுகம் இந்த விலைக்குக் கிடைப்பது அபூர்வம். காபியை நிறுத்திச் சேர்த்தால் கோடீஸ்வரர் ஆகலாம் என்று ஒரு கணக்கு இப்போது எங்கும் சுற்றுகிறது. எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. அப்படி நிறுத்தியவர்கள் மிச்சம் பிடித்த பணத்தைச் சேர்த்து வைப்பதும் இல்லை. பத்தே நாளில் வீடு முழுக்க எரிச்சல்தான் மிஞ்சும்.

விலை ஏறியது உண்மை. பிரேசிலிலும் வியட்நாமிலும் விளைச்சல் அடிபட்டதால் 2024, 2025ல் கொட்டை விலை உலகம் முழுக்க ஏறியது. அதற்காகக் காபியை விட வேண்டாம், பொடியைப் பார்த்து வாங்குங்கள். சிக்கரி கலந்த பொடியில் காபி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. பாக்கெட்டில் எத்தனைக்கு எத்தனை என்று போட்டிருக்கும். சிக்கரி மலிவு, நிறமும் கெட்டித்தன்மையும் தரும், ஆனால் மணம் கொட்டையிலிருந்துதான் வர வேண்டும். காபி பாதிக்குச் சற்றே மேல், மீதி சிக்கரி என்கிற மலிவுப் பொடியை அரைக் கிலோ அதிகமாகப் போட்டுக் குடிப்பதைவிட, காபி 80, சிக்கரி 20 என்ற கலவையைச் சிறிது சிறிதாக, வாரத்துக்கு ஒரு முறை அரைத்து வாங்குவது மேல். வறுத்து அரைக்கும் கடைக்குக் கும்பகோணத்திலும் தஞ்சாவூரிலும் மட்டுமா, மன்னார்குடியிலும் பஞ்சமில்லை.

பூவுக்கும் இதே பதில்தான். ஒன்று மட்டும் செய்யுங்கள்: முழத்தைக் கணக்கு வைக்காமல் தொகையைக் கணக்கு வையுங்கள். மார்கழி, தையில் பனி விழுந்தால் மல்லிகை வரத்துக் குறையும், முகூர்த்த நாளில் விலை பறக்கும். அன்றைக்கும் 20 ரூபாய்க்கு என்ன வருமோ அதுதான். மல்லிகை வராவிட்டால் கதம்பம் வாங்கிக்கொள்ளலாம். தஞ்சாவூர்க் கதம்பத்தைத் தலையில் வைத்தால் மருக்கொழுந்தின் வாசனை சாயங்காலம் வரை நிற்கும்.

இரண்டும் சேர்ந்து மாதம் 2,200, வருடத்துக்கு 26,400. இந்தத் தொகையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், காரைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

அதற்கு முன்னால் உங்கள் வீட்டு வருமானம் வருகிற விதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். டெல்டாக் குடும்பங்களுக்குப் பணம் கரைகிற இடம் அன்றாடச் செலவில் இருப்பதை நான் அதிகம் பார்த்ததில்லை. குறுவை நெல் புரட்டாசி, ஐப்பசியில் அறுவடையாகி, அரசு நெல் கொள்முதல் நிலையத்தில் எடை போட்டுப் பணம் வங்கியில் ஏறுகிற நேரம் தீபாவளி நேரம். சம்பாப் பணம் தை, மாசியில் வருகிறது, அது கல்யாண நேரம். ஆறு மாதம் வியர்த்து மொத்தமாக வருகிற பணம், கடைவீதி முழுக்கத் தள்ளுபடிப் பலகை தொங்குகிற அதே வாரத்தில் கைக்கு வருகிறது. போனும் அப்போதுதான் வாங்கியிருக்கிறார், காரும் அப்போதுதான் கண்ணில் படுகிறது. உங்கள் கணவரைக் குறை சொல்லவில்லை. வருடம் முழுக்க உரக்கடைக்கும் கூலிக்கும் கணக்குப் பார்த்தவருக்கு, அக்கவுண்டில் ஒரு லட்சத்தைப் பார்க்கும் நாளில் தனக்கென்று ஒன்று வாங்கத் தோன்றுவது இயற்கை.

ஆபத்து எங்கே என்றால், மொத்தமாக வருகிற பணத்தை நம்பி மாதாமாதம் கட்டுகிற கடனில் இறங்குவதில். தவணை ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி வந்து நிற்கும். தண்ணீர் அப்படி வராது. மேட்டூர் அணையைப் பாசனத்துக்கு ஜூன் 12ல் திறப்பது வழக்கம். 2023ல் அந்தத் தேதியில் திறந்தும் தண்ணீர் போதாமல் கடைமடையில் குறுவை காய்ந்தது. 2024ல் ஜூலை கடைசியில்தான் திறந்தார்கள், பல ஊர்களில் குறுவையே கைவிட்டுப் போயிற்று. தண்ணீர் வந்தாலும் அறுவடையில் மழை பிடித்துக்கொள்ளும். கொள்முதலுக்கு 17 சதவீத ஈரப்பதம் என்ற வரம்பைத் தாண்டினால் நெல்லைக் கொட்டிக் காயவைத்துக்கொண்டு காத்துக் கிடக்க வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது உங்கள் மாவட்டம் பட்ட பாட்டை நான் சொல்ல வேண்டியதில்லை. அப்படிப்பட்ட வருடத்தில் தவணை கட்ட எது போகும்? உங்கள் சம்பளமும், உங்கள் கழுத்தில் இருக்கிறதும்தான்.

அதனால் உங்கள் வீட்டுக்கு நான் சொல்கிற வழி இது. மாதாமாதம் அனுபவிக்கிற சுகம் எதுவானாலும் உங்கள் சம்பளத்துக்குள் அடங்க வேண்டும். பெரிய பொருள் எதுவானாலும் நெல் பணத்தில், ரொக்கமாக, கட்ட வேண்டியதைக் கட்டி முடித்த பிறகுதான். நடுவில் தவணைக்கு இடமில்லை.

இப்போது கார். இரண்டரை லட்சம் கடன், பழைய காருக்கு 14 சதவீத வட்டி, ஐந்து வருடம் என்று வைத்துக்கொள்வோம். மாதம் சுமார் 5,800 ரூபாய் தவணை. ஐந்து வருடத்தில் வட்டி மட்டும் ஏறக்குறைய 99,000. மேலே சொன்ன 26,400ஐ எடுத்துப் பாருங்கள்: மூன்றே முக்கால் வருடத்துக் காபியும் பூவும் அந்த வட்டிக்குச் சமம். இதில் இன்சூரன்ஸ், சர்வீஸ், டயர், பெட்ரோல் சேரவில்லை. உங்கள் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு வாசலில் நிற்கிற வண்டிக்குப் போகும். அது எத்தனை நாள் ஓடும்? அவர் வயலுக்குக் காரில் போகப் போவதில்லை. நீங்கள் பள்ளிக்கு டவுன் பஸ்ஸில் கட்டணமில்லாமல் போய் வரலாம். மிஞ்சுவது மாமியாரைத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது, கல்யாணம் காட்சி, குலதெய்வம் கோயில். அதற்கு வாடகைக் கார் நாளுக்கு 2,500 என்றாலும், வருடத்தில் பதினைந்து நாளுக்கு 37,500தான் ஆகும். சொந்தக் காருக்குத் தவணை மட்டுமே வருடத்துக்கு 70,000.

மாமியாரை நினைத்துத்தான் கார் கேட்கிறார் என்றால் அந்த அக்கறை நியாயமானது, அதைத் தட்டிக் கழிக்காதீர்கள். வாடகைக் காருக்கென்று 30,000 ரூபாயைத் தனியாக எடுத்து வையுங்கள். ராத்திரி ஒரு மணிக்குக் கூப்பிட்டாலும் வரக்கூடிய டிரைவர் உள்ளூரில் இருவராவது தெரிந்திருக்க வேண்டும். அவசரத்துக்கு 108 இருக்கிறது. ஊரில் நாலு வீட்டில் கார் நிற்கிறதே என்பதற்காகக் கேட்கிறார் என்றால், அந்த மதிப்புக்கு மாதம் 5,800 மிக அதிகம். இதைக் கோபமில்லாமல் சொல்லலாம்.

ஏசியை ஆடம்பரம் என்று நீங்கள் தயங்கத் தேவையில்லை. வயதானவர்கள் சித்திரை, வைகாசிப் புழுக்கத்தில் ராத்திரி தூங்க முடியாமல் கிடந்தால் அது உடம்பைக் கெடுக்கும். அந்த அறையிலேயே மகளும் படித்துத் தூங்கலாம். கவனிக்க வேண்டியது கரண்ட் பில்லை. இரண்டு மாதக் கணக்கில் முதல் 100 யூனிட் இலவசம் என்பது தெரியும். பலருக்குத் தெரியாதது, 500 யூனிட்டைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு விலை கூடுவதோடு, கீழே இருக்கிற யூனிட்டுக்குக் கிடைத்த சலுகையும் குறைந்துவிடுகிறது. ஒரே யூனிட் கூடினாலும் பில் எகிறுவது இதனால்தான்.

உங்கள் வீட்டில் இப்போது இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு டன் இன்வெர்ட்டர் ஏசி மணிக்கு முக்கால் யூனிட் இழுத்தால், இரவு எட்டு மணி நேரத்துக்கு ஆறு யூனிட், இரண்டு மாதத்தில் 360. மொத்தம் 660, வரம்பைத் தாண்டிவிட்டது. பத்து மணிக்குப் போட்டு இரண்டு மணிக்கு நிற்கும்படி டைமர் வைத்தால் 180தான், மொத்தம் 480. இன்னும் ஒரு வழி உண்டு. பழைய மின்விசிறி 75 வாட் இழுக்கும், பிஎல்டிசி என்கிற, கரண்ட்டைக் குறைவாக இழுக்கும் புது வகை மின்விசிறி 30 வாட் சொச்சம். நாளுக்குப் பதினைந்து மணி நேரம் ஓடுகிற இரண்டை மாற்றினாலே இரண்டு மாதத்துக்கு 80 யூனிட் மிச்சம். ஏசியை 24 டிகிரிக்குக் கீழே இறக்காதீர்கள். மின்விசிறியோடு சேர்த்து ஓட்டினால் 26, 27 கூடப் போதும்.

ஏசிக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28லிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. ஐந்து ஸ்டார் ஒரு டன் 35,000, 40,000க்குள் பாருங்கள். சித்திரை பிறந்து எல்லோரும் கடைக்கு ஓடுகிற நேரத்தில் போகாமல், சம்பாப் பணம் வந்த மாசியிலேயே வாங்குங்கள், பேரம் பேச இடம் இருக்கும். "வட்டியில்லாத் தவணை" என்று ஆசை காட்டுவார்கள். பூஜ்ய வட்டி என்று ஒன்று இருக்க முடியாது என்று ரிசர்வ் வங்கி 2013லேயே சொல்லிவிட்டது. ரொக்கத்துக்குக் கிடைக்கிற தள்ளுபடி போகும், பரிசீலனைக் கட்டணம் என்று ஒன்று ஏறும். ரொக்கம் கொடுத்தால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று முதலில் கேளுங்கள்.

மற்றவை சுருக்கமாக. வயலின் வகுப்பை இந்தப் பட்டியலில் எழுதியிருக்கவே வேண்டாம், அது அந்தப் பெண்ணின் படிப்பு. ஓடிடியில் இந்த மாதம் யாரும் பார்க்காதது எதுவோ அதன் ஆட்டோபேயை இன்றே நிறுத்துங்கள். போன் தவணையை முடித்துவிட்டு, அந்தப் போனையே நாலு வருடம் ஓட்டச் சொல்லுங்கள்.

டீக்கடை 1,800 வீட்டுக் காபியைவிட அதிகம்தான். அதைச் சொல்லிக் காட்டாதீர்கள். நடவுக்கு ஆள் பேசுவதும், அறுவடை மெஷின் வாடகை விசாரிப்பதும், கொள்முதல் நிலையத்தில் மூட்டை எப்போது ஏறும் என்று தெரிந்துகொள்வதும் அந்தப் பெஞ்சில்தான் நடக்கிறது. அவருக்கு அது பாதி வேலை இடம்.

ஹோட்டல்தான் எனக்கு உறுத்துகிறது. வாரா வாரம் போவதால் அது விசேஷமாகவும் இல்லை, பசிக்காகவும் இல்லை, பழக்கமாகிவிட்டது. ஒரு மாதம் போகாமல் இருந்து பாருங்கள். யாராவது ஆசையாகக் கேட்டால் மாதம் ஒரு முறை, அவர்கள் சொல்கிற கடைக்குப் போங்கள். யாரும் கேட்காவிட்டால் பதிலே கிடைத்துவிட்டது. இதில் 2,100, ஓடிடியில் ஒரு 300, போன் முடிந்ததும் 2,400 என்று மாதம் 4,800 மிச்சமாகும். அதில் 3,000ஐ வங்கியில் ஒரு வருட ஆர்டியாக, அதாவது மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பாக, போடுங்கள்.

சம்பாப் பணம் வந்ததும் வரிசை மாறக் கூடாது. கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் இருந்தால் கெடு தேதிக்குள் அதைக் கட்டுங்கள். உரிய காலத்தில் கட்டினால் வட்டி இல்லை, தவறினால் அந்தச் சலுகை போய்விடும். அடுத்தது குறுவைக்கான உழவு, விதை, நடவுக் கூலி. அதைச் செலவுக் கணக்கில் வைக்காமல் வேறு கணக்கில் போடுங்கள். அப்புறம் வாடகைக் கார் பணம். அதற்கப்புறம் ஏசி.

கார் பேச்சு அத்தோடு முடியாது என்று தெரியும். அவரிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, கார் உண்மையிலேயே தேவைப்பட்ட நாளையெல்லாம் தேதி போட்டு எழுதச் சொல்லுங்கள். அடுத்த தைக்குள் அது நாற்பது நாளைத் தொட்டால் எனக்கு மறுபடி எழுதுங்கள். கடன் இல்லாமல் எந்த விலைக்குள் வாங்கலாம் என்று இரண்டு பேரையும் வைத்துக் கணக்குப் போட்டுத் தருகிறேன்.