அப்பா பேரிக்காயை நிறுத்தியது எப்போது?

கேள்வி: பாரிஸ் பக்கத்தில் குடும்பத்தோடு இருக்கிறேன். பூர்வீகம் புதுச்சேரி. அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா போன பிறகு நான்கு வருடமாக எங்களோடு இருக்கிறார். 1970களில் வாங்கிய மரப்பிடி மடக்குக் கத்தி ஒன்று, ஒப்பினெல் எட்டாம் நம்பர், எப்போதும் அவர் பாக்கெட்டில் இருக்கும். பிடி கறுத்துப் போயிருக்கிறது, ஓரத்தில் தீப்பட்ட வடு வேறு. இப்போது அலகைத் திறக்கவே முடியவில்லை, இறுகிவிட்டது. மழுங்கியும் விட்டது. அடுத்த மாதம் அவருக்கு 78 வயது முடிகிறது. பிடியை உப்புத்தாளால் தேய்த்துப் புதிதாக்கி, அவர் பெயரைச் சூடு வைத்துப் பொறித்து, அலகை மெஷினில் சாணை பிடித்து, கண்ணாடிச் சட்டத்தில் வைத்துப் பரிசாகக் கொடுக்க ஆசை. பக்கத்தில் புதுக் கத்தி ஒன்றும் வைக்கலாமா? எந்த மரம், எந்த எஃகு நல்லது? (கை நடுங்குவதால் இரண்டு மாதத்துக்கு முன்பே கத்தியை அவரிடமிருந்து வாங்கி வைத்துவிட்டோம். அவரும் ஒன்றும் சொல்லவில்லை. முன்பெல்லாம் ராத்திரி சாப்பிட்டதும் பேரிக்காய் சீவி எல்லோருக்கும் கொடுப்பார். இப்போது மனைவி நறுக்கி வைத்தாலும் வேண்டாம் என்கிறார்.) கத்தியைப் பரிசாகக் கொடுத்தால் உறவு அறுந்துவிடும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: தம்பி, அடைப்புக்குறிக்குள் போட்டால் கண்ணில் படாது என்று நினைத்தீர்களா?

உங்கள் கடிதம் நான்கு பக்கம். இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறோம். மரத்தைப் பற்றி ஒரு பக்கம், கண்ணாடிச் சட்டத்தின் அளவு, உள்ளே விரிக்கிற வெல்வெட் துணியின் நிறம் எல்லாம் இருக்கிறது. அப்பாவின் கைக்கு மட்டும் ஒரே வரி, அதுவும் அடைப்புக்குறிக்குள்.

‘வாங்கி வைத்துவிட்டோம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்டு வாங்கினீர்களா, பேன்ட்டைத் துவைக்கப் போட்டபோது எடுத்து வைத்துக்கொண்டீர்களா? கேட்டிருந்தால் அவர் என்ன பதில் சொன்னார் என்று எழுதியிருப்பீர்கள். இந்தப் பகுதிக்கு வருகிற கடிதங்களில் மாதத்துக்கு இரண்டு கடிதமாவது இதே ரகம். ஒரு வீட்டில் ஸ்கூட்டர் சாவி, இன்னொரு வீட்டில் பீரோ சாவி, அம்மாவின் அருவாமனை, ஏ.டி.எம். கார்டு. எடுத்தவர்கள் எல்லோரும் பாசத்தில்தான் எடுத்தார்கள், எல்லோரும் கடைசியில் ‘அவர் ஒன்றும் சொல்லவில்லை’ என்று முடிக்கிறார்கள். மகன் வீட்டில், மருமகள் கையால் சாப்பிடுகிற மனுஷர் என்ன சொல்வார்? சத்தம் போட்டால் ‘வயசானதும் பிடிவாதம்’ என்பீர்கள். அதனால் பேரிக்காய் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். நீங்கள் அதைப் பழம் பிடிக்காமல் போய்விட்டது என்று எடுத்துக்கொண்டீர்கள்.

சரி, கை நடுங்குகிறது. டாக்டரிடம் கூட்டிப்போனீர்களா? நான்கு பக்கத்தையும் இரண்டு தடவை படித்துவிட்டேன், அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. நடுக்கத்தில் பல வகை உண்டு. கையைச் சும்மா மடியில் வைத்திருக்கும்போது நடுங்குவது ஒன்று, தம்ளரையோ கத்தியையோ பிடிக்கும்போது நடுங்குவது இன்னொன்று. தைராய்டாலும் வரலாம், சாப்பிடுகிற மாத்திரையாலும் வரலாம். சிலதுக்கு மருந்து இருக்கிறது. அப்பாவின் நடுக்கம் எந்த வகை என்று பார்த்துச் சொல்ல வேண்டியவர் டாக்டர். நீங்கள் கத்தியை அலமாரிக்குள் வைத்ததோடு வைத்தியம் முடிந்துவிட்டது என்று இருந்துவிட்டீர்கள். முதலில் நேரம் வாங்குங்கள், கூடவே நீங்களும் போங்கள்.

இனி கத்தி. பல வருடம் கூடவே இருந்த பொருளைப் பற்றி அப்பாவிடம் கேட்காமல் எனக்கு எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அதுவும் எனக்குக் கோபம்தான். திறக்க முடியவில்லை என்றா சொன்னீர்கள்? ஒப்பினெல் பிறந்த இடம் பிரான்சின் ஆல்ப்ஸ் பகுதியில் இருக்கிற சவ்வா மலைப்பக்கம். கோடாரி, அரிவாள் அடிக்கிற பட்டறைக்காரரின் மகன் ஜோசப் ஒப்பினெல், தன் 18 வயதில், 1890இல் அடித்த கத்தி. ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வெட்ட, மரக்கிளை சீவ, விவசாயி பாக்கெட்டில் போட்டுக்கொள்வதற்கான மலிவான சாமான். பிடி பீச் (beech) மரம், பழம் தருகிற பீச் அல்ல. ஈரம் பட்டால் அந்த மரம் ஊதி அலகைக் கவ்விக்கொள்ளும். அது அந்தக் காலத்திலிருந்தே உள்ள குணம், கத்தி கெட்டுப்போனதற்கு அடையாளமில்லை. அந்த ஊர்க்காரர்கள் பிடியின் பின்முனையை மேஜை ஓரத்தில் ஒரு தட்டு தட்டுவார்கள், அலகு கொஞ்சம் வெளியே தலை காட்டும், நகத்தை மாட்டி இழுத்துவிடுவார்கள். ‘சவ்வாக்காரன் தட்டு’ என்றே அதற்குப் பெயர். உங்கள் அப்பாவுக்கு இது தெரியாமல் இருக்காது. தட்டுவதற்கு முன் பிடியில் உள்ள, அலகைப் பூட்டுகிற வளையம் திறந்த நிலையில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஊதிய பிடியைச் சரிசெய்ய அவசரப்பட வேண்டாம். ஒரு வாரம் காய்ந்த இடத்தில் கிடக்கட்டும். ஹீட்டர் மேல் வைக்காதீர்கள், மரம் வெடிக்கும். அப்புறமும் இறுக்கமாக இருந்தால் நைஸ் உப்புத்தாளை ஒரு அட்டையில் மடித்து, அலகு உட்காருகிற பிளவுக்குள் விட்டு இரண்டு பக்கமும் லேசாகத் தேய்த்து, மெழுகுவத்தி மெழுகைத் தடவுங்கள். அது போதும்.

பிடியின் வெளிப்பக்கத்தை இழைப்பது? வேண்டாம். அந்தக் கறுப்பு அவர் கை வியர்வையும் பழச்சாறும் சேர்ந்து ஏறியது. புதுப் பீச் மரம் கடையில் சில யூரோவுக்குக் கிடைக்கிறது, இந்தக் கறுப்பு கிடைக்காது. தீப்பட்ட வடு எங்கே பட்டது, எந்த முகாமில், யாரோடு இருந்தபோது என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாது, தெரிந்திருந்தால் நான்கு பக்கத்தில் அதுவும் வந்திருக்கும். அதைக் கேட்பதற்கு முன் உப்புத்தாளைத் தொடாதீர்கள். பெயரைப் பொறிக்கிற யோசனையும் வேண்டாம். அவருடைய கத்தி எது என்று அந்த வீட்டில் யாருக்குக் குழப்பம்?

ஈரத்துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்ததும் லின்ஸீட் எண்ணெய், அதாவது ஆளிவிதை எண்ணெய், மெல்லிசாகத் தடவுங்கள். கால் மணி நேரம் கழித்து மிச்சத்தைத் துடைத்துவிட்டு, மறுநாள் இன்னொரு பூச்சு. பழைய வார்னிஷ் இருக்கிற இடத்தில் எண்ணெய் இறங்காது, பரவாயில்லை. தேங்காயெண்ணெய் போடாதீர்கள், அது காயவே காயாது. ஒரு எச்சரிக்கை: லின்ஸீட் எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிடுங்கள், இல்லையென்றால் தண்ணீரில் முக்கி வையுங்கள்.

மெஷின் சாணை கூடவே கூடாது. மெல்லிய அலகு, சூடேறினால் எஃகின் பதம் போய்விடும். அலகில் கிரீடம் வைத்த கை ஒன்று குத்தியிருக்கும், கவனித்திருக்கிறீர்களா? 1909இலிருந்து அதுதான் அவர்கள் முத்திரை. பளபளப்பாக்குகிறேன் என்று இறங்கினால் அதுவும் தேய்ந்துபோகும். சாதாரணச் சாணைக்கல், கொஞ்சம் தண்ணீர், அலகைத் தாழ்வாகச் சாய்த்துப் பிடித்துப் பொறுமையாக இழுப்பது, அவ்வளவுதான் வேலை. இன்னொன்று கேட்கிறேன். அலகு ஏன் மழுங்கியது? கை நடுங்க ஆரம்பித்ததும் அவரால் சாணை பிடிக்க முடியவில்லை, உங்களிடம் கேட்கவும் மனம் வரவில்லை. மழுங்கின கத்தியில்தான் அழுத்தம் கொடுக்க வேண்டும், அப்போதுதான் வழுக்கும், விரலும் போகும். ஆக நடுங்குகிற கையில் மழுங்கின கத்தி இருந்ததைப் பார்த்து, கத்தியைக் கூராக்க யாருக்கும் தோன்றவில்லை, பிடுங்கத்தான் தோன்றியிருக்கிறது. கல்லை எடுத்துக்கொண்டு அவர் எதிரில் உட்காருங்கள். இழுப்பது உங்கள் கை, ‘இப்படிப் பிடி, அழுத்தாதே’ என்று சொல்வது அவர் வாய்.

ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. அலகு விரல் மேல் மடங்கிவிடக் கூடாது என்பதற்காகவே ஜோசப்பின் மகன் மார்செல் 1955இல் சுழல் வளையம் ஒன்றைக் கொண்டுவந்தார், விரோப்ளோக் என்று பெயர். அப்பாவின் கத்தியில் அது இருக்கும். அழுக்கேறி இறுகியிருந்தால் நடுங்குகிற விரலால் திருப்ப முடியாது, திருப்பாமலே வெட்டப் பார்ப்பார். வளையத்தைச் சுத்தம் செய்து ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். அவர் கையாலேயே திருப்ப வருகிறதா என்று பாருங்கள். வரவில்லையென்றால் திறந்து பூட்டிக் கொடுப்பது உங்கள் வேலை, அல்லது பேத்தியின் வேலை.

புதுக் கத்தி வாங்கலாம், சட்டத்துக்குள் வைக்க அல்ல, பாக்கெட்டில் போட. எட்டாம் நம்பர் அலகு எட்டரை சென்டிமீட்டர், ஒன்பதாவது 9, பத்தாவது 10. நம்பர் ஏற ஏறப் பிடியும் பருக்கும், நடுங்குகிற கைக்குக் கொஞ்சம் பருத்த பிடி சௌகரியம். அதனால் ஒன்பது. இப்போது வருகிற வளையம் மடக்கிய நிலையிலும் பூட்டும். பழம் நறுக்க இனாக்ஸ், அதாவது துருப்பிடிக்காத எஃகு. கார்பன் எஃகு கூர்வைக்கச் சுலபம், எனக்கும் அதுதான் பிடிக்கும். ஆனால் பழச்சாறு பட்டால் கறுக்கும், துடைக்க மறந்தால் துருவேறும். மரம் எதுவானாலும் சரி. வால்நட், ஓக், ஆலிவ் எல்லாம் அழகு, விலையும் கூட. நானாக இருந்தால் பீச்சோடு நிறுத்திக்கொள்வேன்.

கடையில் முனை மழுக்கிய ஏழாம் நம்பர் ஒன்று காட்டுவார்கள், 8 சென்டிமீட்டர் அலகு. சின்னப் பிள்ளைகளுக்கானது. பாதுகாப்பு என்று அதை அப்பாவுக்கு வாங்கிக்கொடுத்துவிடாதீர்கள், ராணுவத்தில் இருந்த மனுஷருக்கு அதைவிட அவமானம் வேண்டாம். ஒன்பது வயது மகள் இருப்பதாக எழுதியிருக்கிறீர்களே, அவளுக்கு வாங்குங்கள். எப்படித் திறப்பது, எப்படிப் பூட்டுவது, தோலை எந்தப் பக்கம் சீவுவது என்று தாத்தா சொல்லிக்கொடுக்கட்டும். சொல்லிக்கொடுக்கக் கை நடுங்காமல் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. வீட்டுக்குள் மட்டும். காரணமில்லாமல் கத்தியோடு வெளியே நடமாடுவது பிரான்சில் குற்றம், விமானத்தில் கைப்பையில் கொண்டுபோகவும் முடியாது. புதுச்சேரி போகும்போது பெரிய பெட்டியில் போடுங்கள்.

பரிசு, சகுனம். நம் வீடுகளில் கத்தியைக் கைக்குக் கை கொடுக்க மாட்டோம், கீழே வைத்து எடுக்கச் சொல்வோம். நீங்கள் இருக்கிற ஊரிலும் கத்தி வாங்கிக்கொள்கிறவர் பதிலுக்கு ஒரு காசு கொடுப்பார், விலைக்கு வாங்கியதாகக் கணக்கு. பேத்தியிடம் ஒரு சென்ட் வாங்கிக்கொள்ளுங்கள், அப்பாவிடமும் புதுக் கத்திக்கு ஒன்று. பழையதற்கு யாரும் யாருக்கும் காசு தர வேண்டாம், அது அவருடையது.

பிறந்தநாள் வரை காத்திருக்காதீர்கள். கூராக்கி முடித்த அன்று ராத்திரி, மனைவியிடம் பழம் நறுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். தட்டில் நான்கு பேரிக்காய், பக்கத்தில் கத்தி. வைத்துவிட்டு நீங்களும் உட்காருங்கள், அவர் கையையே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். சீவின துண்டு கோணலாக இருந்தாலும் சாப்பிடுங்கள்.

டாக்டர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். வெல்வெட் நிறம் வேண்டாம்.