நீளக் கம்பளம்: கேட்டவையும் பதில்களும்

ஈரானில் கையால் நெய்த, நூறு வயது தாண்டிய நீளக் கம்பளங்கள் பற்றி வந்த கேள்விகள் இவை.

கே: இவற்றை நடைவழிக்கென்றே நெய்தார்களா?
ப: இல்லை. பாரசீகத்தில் இதன் பெயர் 'கெனாரே'. ஓரம் என்று பொருள். அந்தக் காலப் பெரிய கூடங்களில் நடுவில் ஒரு கம்பளம், தலைமாட்டில் குறுக்கே ஒன்று, இரண்டு ஓரங்களிலும் ஒவ்வொன்று என விரிப்பார்கள். அந்த ஓரத்துக் கம்பளம்தான் இன்று நம் நடைவழிக்கு வந்திருக்கிறது. பல கெனாரேக்கள் சோடியாக நெய்யப்பட்டவை. பிரிந்துபோன சோடியைப் பார்த்தால் எனக்கு மனசு கனத்துவிடும்.

கே: பழசுதான் என்று எப்படித் தெரிந்துகொள்வது?
ப: முதலில் திருப்பிப் போடுங்கள். முன்பக்கத்துப் பூவேலை முடிச்சு முடிச்சாகப் பின்னாலும் தெரிய வேண்டும். குஞ்சம் என்பது நீளவாக்கில் ஓடும் பாவு நூலின் நுனி. தனியாகத் தைத்திருந்தால் காரணம் கேளுங்கள். அப்புறம், முடியை விரலால் விலக்கி அடிவரை பாருங்கள். வெயிலில் வெளுத்த நிறம் நுனியிலிருந்து அடிக்குப் படிப்படியாகக் கூடும். கடைசியாக, வெள்ளைத் துணியை நனைத்துத் தேய்த்துப் பாருங்கள். ஒருமுறை நான் வாங்கவிருந்த, ஈரானின் ஹமதான் ஊர்க் கம்பளத்தில் துணி சிவந்துவிட்டது; தேய்ந்த இடமெல்லாம் மை பூசியிருந்தார்கள். துணியை மடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கே: எங்கள் கம்பளத்தில் நீலம் பாதியில் வெளிறுகிறது. குறையா?
ப: குறையே இல்லை. இதை 'அப்ரஷ்' என்பார்கள். அவுரியில் தோய்த்த ஒரு கட்டு நூல் தீர்ந்து, அடுத்த கட்டைத் தொடங்கிய இடம் அது. எனக்கு அந்த இடம்தான் மிகவும் பிடிக்கும்.

கே: தினமும் நடக்கும் இடத்துக்கு எது நல்லது?
ப: ஹமதான் பக்கத்துக் கிராமக் கம்பளம், அல்லது ஒட்டக நிறப் பின்னணி கொண்ட, ஈரானின் சராப் ஊர்க் கம்பளம். பட்டு வேண்டாம்.

கே: பராமரிப்பு?
ப: அடியில் வழுக்காத விரிப்பு போடுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை தலைமாடு கால்மாடாகத் திருப்பிப் போட்டால் தேய்மானம் ஒரே இடத்தில் சேராது. வேக்குவம் கிளீனரைக் குஞ்சத்தின் மேல் ஓட்டாதீர்கள். அலமாரிக்கு அடியில் மறைந்த பகுதியை அடிக்கடி தூக்கிப் பாருங்கள். அந்துப்பூச்சியின் புழு அங்கேதான் கம்பளியைத் தின்னும்.

கே: தேய்ந்த இடத்தில் புது முடிச்சு போடலாமா?
ப: சீராகத் தேய்ந்திருந்தால் அப்படியே விடுங்கள். ஓரம் பிரிய ஆரம்பித்திருந்தால் மட்டும் தள்ளிப்போடாமல் தைத்துவிடுங்கள். ஒரு வரிசை அவிழ்ந்தால் அடுத்ததும் தளரும்.